பதினாறாம் குழியில் பந்து அசைந்ததா?

கிர்க்ஹேவன், ஸ்காட்லாந்து
24 மே 1911

அன்புள்ள நினியன்,

நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் கூட்டல் போட்டுக் கொடுத்துவிட்டு, அவர்கள் தலை குனிந்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். யாராவது நிமிர்ந்தால் நிறுத்திவிடுவேன்.

அடுத்த ஆண்டும் இருப்பேனா என்று பள்ளி வாரியம் கேட்டிருக்கிறது. ஜூலை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டால் அடுத்த கோடை வரை விலக முடியாது. கல்யாணமான பெண்ணை அவர்கள் வைத்துக்கொள்வதில்லை என்பது உனக்குத் தெரியும். இரண்டே வருடம் என்று சொல்லிவிட்டு அமெரிக்கா போனாய். இது மூன்றாவது வருடமும் முடியப்போகிறது. நீ வருகிறாயா, நான் வரட்டுமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன். நீ அங்கே புல் எப்படி வளர்கிறது என்று எழுதுகிறாய்.

பெத்யூன் நவம்பரோடு ஓய்வு பெறுகிறார். நம் ஊர் கோல்ஃப் கிளப்புக்குச் சம்பளத்துக்கு வேறு ஆட்டக்காரர் வேண்டும். "நினியன் கேட்டா மாட்டேன்னு சொல்லமாட்டாங்க. ஆனா அவன் கேக்கணுமே" என்கிறார் அப்பா. காலையில் மைதானத்தில் பந்துக் குழி வெட்டப் போகும்போதும் திரும்பி வரும்போதும் இதையேதான் சொல்கிறார்.

எடைபோட்டுப் பார்த்துக் களைத்துவிட்டேன். ஆகவே இப்படி வைத்துக்கொள்வோம். ஜூன் ஒன்பதாம் தேதி கிழக்கு மாகாணங்களின் போட்டியில் நீ ஜெயித்தால், அந்த ஊர் உன்னை விடாது. நான் கப்பலேறி வருகிறேன். ஜெயிக்காவிட்டால் நீ வீட்டுக்கு வந்து பெத்யூனின் வேலையை வாங்கிக்கொள். ஏதாவது ஒன்று நமக்காக முடிவு செய்யட்டும்.

நேற்று பிள்ளைகளை வரிசையாகக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். மைதானத்தைக் கடக்கும்போது யாரோ ஒருவர் பந்துக்கு மேல் குனிந்து நின்றார். நாற்பத்தொன்றும் தாமாகவே நின்று வாயை மூடிக்கொண்டன. நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை. பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வந்துவிடுகிறார்கள் போலிருக்கிறது.

உன்
எல்ஸ்பெத்


வில்லோ ஹில் கிளப், மாசசூசெட்ஸ்
10 ஜூன் 1911

எல்ஸ்பெத்,

தோற்றுவிட்டேன். ஒரே ஓர் அடி கூடுதலாகி. இதை முதலில் எழுதிவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாக வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

நேற்று காலை ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று. என்னோடு ஆடியது நம் ஊர் டாட் பர்னி. அவன் இப்போது பக்கத்து ஊர் கிளப்பில் இருக்கிறான். அடிகளை எண்ணிக் குறிக்கும் என் அட்டையை அவன் எழுதினான், அவன் அட்டையை நான். மெக்ராத் என்பவன் முன்பே முடித்துவிட்டான். பதினைந்து குழிகள் ஆனபோது நான் அவனைவிட ஓர் அடி குறைவாக அடித்து முந்தியிருந்தேன். மீதி மூன்றையும் சொதப்பாமல் ஆடினால் போதும்.

பதினாறில் என் பந்து குழி இருக்கும் மேட்டுக்குப் பின்னால் நீளப் புல்லில் போய் நின்றது. மட்டையைப் பந்துக்குப் பின்னால் தரையில் ஊன்றினேன். பந்து நகர்ந்தது. ஊன்றிய பிறகு நகர்ந்தால் ஓர் அடி தண்டனை.

"டாட், எனக்கு ஒண்ணு கூட்டிக்கோ. பந்து நகந்துருச்சு."

"எப்போடா? நான் கண்ணு கொட்டாம பாத்துக்கிட்டு நிக்கிறேன், ஒண்ணும் நகரல."

"நகந்துச்சு."

"பைத்தியக்காரா, முன்னால நிக்கிறே. வாயை மூடிக்கிட்டு அடி."

"எழுதுடா."

அவன் பென்சிலை அழுத்தின அழுத்தில் அட்டை கிழிந்துவிட்டது. அதன் பிறகு கடைசிக் குழியான பதினெட்டில் இன்னோர் அடியும் போயிற்று. முடிந்தது.

உன் கடிதம் நேற்றுக் காலையில்தான் வந்தது. ஆட்ட நாளில் நான் கடிதம் பிரிப்பதில்லை. திரும்பும்போது ரயிலில்தான் படித்தேன். ஆக, நீ சொன்னபடியே முடிவாகிவிட்டது. வீட்டுக்கு வருகிறேன். பெத்யூனின் வேலைக்கு எழுதிப் போடுகிறேன் என்று உன் அப்பாவிடம் சொல்.

இங்கே வெயில் கொளுத்துகிறது.

நினியன்


வில்லோ ஹில் கிளப்
22 ஜூன் 1911

எல்ஸ்பெத்,

போன கடிதத்துக்கு உன் பதில் வருவதற்குள் இதை எழுதவேண்டியதாகிவிட்டது. இங்கே ஏதேதோ நடக்கிறது. எனக்குப் பிடிபடவில்லை.

நான் இந்த கிளப்பில் மூன்று வருடமாகச் சமையலறை வாசல் வழியாகத்தான் போய்வருகிறேன். நம் ஊரில் பெத்யூனும் அப்படித்தானே. சனிக்கிழமை செயலாளர் என் மட்டைப் பட்டறைக்கே வந்து, குடும்பப் பெயரால் அழைத்து, "டல்லக், சாயங்காலம் மேல வா" என்றார். நான் வழக்கம்போலப் பின்பக்கம் போனேன். அங்கே சமையற்காரம்மா வழிமறித்தாள். "இந்தப் பக்கம் வந்தா துடைப்பம்தான் பேசும். உன்னை முன்வாசல் வழியா வரச் சொல்லியிருக்காங்க, போ."

ஆணியடித்த பூட்ஸோடு முன்வாசலில் நின்றேன். கம்பளத்தில் கால் வைக்கலாமா என்று தெரியவில்லை. கழற்றினால் காலுறையில் ஓட்டை. கடைசியில் ஓரமாக, மரப்பலகை தெரியும் இடமாகப் பார்த்து நடந்து போனேன்.

நாற்பது பேர் எழுந்து நின்றார்கள். யாருமே பார்க்காத குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்ட மனிதன் என்று தலைவர் பேசினார். ஒரு சட்டைப்பைக் கடியாரம் கொடுத்தார்கள். பின்பக்கத்தில் என் பெயரும், 'நேர்மைக்காக' என்ற சொல்லும் பொறித்திருக்கிறது. ஐந்து வருடத்துக்கு வேலை, மைதானத்து ஓரத்தில் ஒரு வீடு. வீட்டில் மூன்று அறை, ஒரு ஆப்பிள் மரம்.

ஜெயித்திருந்தால்கூட இவ்வளவு கிடைத்திருக்காது. மெக்ராத்துக்கு அவன் கிளப்பில் கைகுலுக்கியதோடு சரி என்று டாட் சொல்கிறான்.

இப்போது உன் பேச்சின்படி நான் என்ன செய்ய வேண்டும்? தோற்றால் வீட்டுக்கு வா என்றாய். தோற்றேன். ஆனால் ஜெயித்தவனுக்குக் கிடைக்க வேண்டியது எனக்குக் கிடைத்திருக்கிறது. பெத்யூனின் வேலைக்கு இன்னும் எழுதிப் போடவில்லை.

நினியன்


கிர்க்ஹேவன்
23 ஜூன் 1911

என் நினியன்,

நேற்று லண்டனில் புது மன்னருக்கு முடிசூட்டு விழா. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பீங்கான் கோப்பை கொடுத்தோம். மாலைக்குள் ஒன்பது கோப்பைகள் உடைந்துவிட்டன. ஆனால் ஊரில் மன்னரைவிட உன்னைப் பற்றித்தான் பேச்சு. உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. அதற்கு முன்பே பத்திரிகையில் நான்கு வரி வந்திருந்தது.

ஊர் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பெத்யூன் மைதான வாசலில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "யாரு பாத்தா? யாருமே பாக்கலையே! அப்புறம் எதுக்குச் சொன்னான்?" என்று கேட்கிறார். அப்பா அதற்கு, "நீர் எத்தனை தடவ சொல்லாம விட்டீர்னு இப்பத்தான் தெரியுது" என்றார். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

நான் பெருமைப்பட்டேன். மறைக்கவில்லை. தோற்ற வருத்தத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மனிதன் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று என்னிடமே சொல்லிக்கொண்டு நடந்தேன். வகுப்பில் கரும்பலகைக்குத் திரும்பி நின்று சிரித்தேன்.

நீ வீட்டுக்கு வருகிறாய். நல்லது. அது நல்லதுதான் என்று எழுதிவிட்டு, ஏன் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்று தெரியவில்லை. நான் கப்பலில் போவதாக மனத்துக்குள் எப்போதோ ஒரு பெட்டி கட்டியிருந்தேன் போலிருக்கிறது. அதைப் பிரிக்க வேண்டும்.

உன் எல்ஸ்பெத்


கிர்க்ஹேவன்
28 ஜூன் 1911

நினியன்,

ஒரே ஒரு கேள்வி. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இன்று துறைமுகத்தில் மீன் வாங்கப் போனேன். டாட்டின் அம்மாவிடம்தான் வாங்குவேன். மகனிடமிருந்து கடிதம் வந்தால் அவர் கடைக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுவார், உனக்குத் தெரியுமே. செதில் ஒட்டின விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

"'மத்தியானம் நினியன் சாப்பாட்டைத் தொடவே இல்ல. வண்டி நிழல்ல உக்காந்து ஒரு கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் படிச்சான். யாருதுடான்னு கேட்டேன், மடிச்சு பையில போட்டுக்கிட்டான். அப்புறம் அவன் ஆடினதே வேற ஆட்டம்.'"

வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏண்டி எல்ஸ்பெத், அப்பிடி என்னடி எழுதின எங்க புள்ளைக்கு?"

எனக்கு இரண்டு ஹெரிங் மீன் போதும் என்றேன். நான்கு கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரயிலில் படித்ததாக எழுதினாய். நான் உன்னை நம்புகிறேன். டாட் கண்டது வேறு யாருடைய கடிதமோ என்று ஒரு மணி நேரம் நம்பினேன். ஆனால் உனக்கு வேறு யார் எழுதுகிறார்கள்?

என் கடிதத்தைப் படித்த பிறகா பதினாறாம் குழிக்கு வந்தாய்? படித்திருந்தால், அந்த ஓர் அடியைக் கூட்டினால் உனக்கு என்ன ஆகும், எனக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் கூட்டினாய். அப்படியானால் நான் வர வேண்டாம் என்றா கூட்டினாய்? அல்லது வீட்டுக்கு வர வேண்டும் என்றா? இரண்டும் ஒன்றா? எனக்கு இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

கேள்வி இதுதான்: பந்து அசைந்ததா?

எ.


வில்லோ ஹில்
9 ஜூலை 1911

எல்ஸ்பெத்,

உன்னுடைய இரண்டு கடிதங்களும் மூன்று நாள் இடைவெளியில் வந்தன. முதலாவதில் பெருமை. இரண்டாவதில் கேள்வி. முதலாவதைப் படிக்கத்தான் அதிகம் கூச்சமாக இருந்தது.

பொய் சொன்னேன். மத்தியானமே படித்துவிட்டேன். ஆட்ட நாளில் பிரிப்பதில்லை என்பது உண்மைதான், அன்று மட்டும் பிரித்தேன். உறையின் மேல் உன் எழுத்து வழக்கத்தைவிடச் சிறியதாக இருந்தது. ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தேன்.

பதினாறில் நடந்ததை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். பந்து புல்லின் மேல் உட்கார்ந்திருந்தது, அடியில் மண் இல்லை. மட்டையை ஊன்றினேன். அப்போது நினைத்தேன்: இது நல்லபடியாகப் போய்விட்டால் எல்ஸ்பெத் பள்ளிக்கூடத்தை விட்டு, தன் அப்பாவை விட்டு, இந்த வெயிலில் வந்து நிற்பாள், நான் ஜெயித்ததற்காக. போகாவிட்டால் நான் கிர்க்ஹேவன் கிளப்பின் ஜன்னலுக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சாகும்வரை நிற்பேன், தோற்றதற்காக. இந்த இரண்டையும் நினைத்து முடிப்பதற்குள் பந்து அசைந்தது. அல்லது நான் கண்ணைச் சிமிட்டினேன். அல்லது புல் அசைந்தது.

லேசாக ஆடிவிட்டு அதே இடத்தில் நின்றால் குற்றமில்லை. இடம்விட்டு மயிரிழை போனாலும் குற்றம். சட்டம் அவ்வளவுதான். சட்டத்தில் சந்தேகமே இல்லை. நான் பார்த்ததில்தான் சந்தேகம்.

வாய்தான் முந்திக்கொண்டது. சொல்லிவிட்ட பிறகு மனம் லேசானது. எதற்காக லேசானது என்றுதான் தெரியவில்லை. நேர்மையாக இருந்ததற்கா, தப்பித்ததற்கா? தப்பித்தது என்றால் எதிலிருந்து?

ரயிலில் டாட் கேட்டான், "உண்மையச் சொல்லு, நகந்துச்சா?" "ஆமா" என்றேன். "ரெண்டாவது தடவ கேட்டா மாத்திச் சொல்லுவே போலிருக்கே" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உன்னை வேண்டாம் என்று நினைத்ததே இல்லை. அது ஒன்று மட்டும் தெரியும்.

நினியன்


வில்லோ ஹில்
19 ஜூலை 1911

எல்ஸ்பெத்,

அந்தக் கடியாரத்தைப் போட்டுக்கொள்ள முடியவில்லை. மேசை இழுப்பறையில் வைத்தால் அங்கிருந்து டிக் டிக் என்கிறது. ஆகவே இன்று செயலாளரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"ஐயா, இது எனக்கு வேண்டாம். பந்து அசஞ்சுதான்னு எனக்கே நிச்சயமா தெரியாது."

அவர் சுருட்டைக் கீழே வைத்தார். "என்னப்பா சொல்றே?"

"அசஞ்ச மாதிரி இருந்துச்சு. இல்லாமலும் இருந்திருக்கலாம். அன்னிக்கு என் மனசு சரியில்ல. வீட்டுப் பிரச்சினை."

என்னை வெளியே அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து பக்கத்து அறைக்குக் கத்தினார். "இங்க வாங்க எல்லாரும்! இவன் சொல்றதைக் கேளுங்க! நிச்சயமா தெரியாமலேயே தன்மேல தண்டனை போட்டுக்கிட்டானாம்! அதைச் சொல்லி கடியாரத்தையும் திருப்பித் தர்றானாம்! இப்படி ஒரு மனுஷனைப் பாத்திருக்கீங்களா?"

எல்லோரும் வந்து முதுகில் தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடியாரம் மறுபடியும் என் கையில். வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் அனுப்பிவிட்டார்கள். பத்திரிகைக்காரன் ஒருவன் வேறு வந்து போனான்.

எல்ஸ்பெத், நான் என்ன சொன்னாலும் இவர்களுக்கு ஒன்றுதான் கேட்கிறது. நீ ஒருத்திதான் என்னிடம் சரியான கேள்வியைக் கேட்டாய். அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

31ஆம் தேதிக்குள் நீ பள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன சொன்னாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

நினியன்


கிர்க்ஹேவன்
20 ஜூலை 1911

நினியன்,

உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. பள்ளி விடுமுறை. அப்பாவின் பட்டறையிலிருந்து ஒரு பழைய இரும்பு மட்டையும் பந்தும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். நம் ஊர்ப் பதினாறாம் குழிக்குப் பின்னாலும் அதே மாதிரி நீளப் புல் இருக்கிறதல்லவா, அங்கே.

பந்தைப் புல்லின் மேல் வைத்தேன். மட்டையைப் பின்னால் ஊன்றிவிட்டு, வயிறு தரையில் படப் படுத்துக்கொண்டு பார்த்தேன். பாவாடை முழுக்க நனைந்துவிட்டது. பாதிரியாரின் மனைவி தூரத்தில் போனார், பார்த்தும் பார்க்காததுபோல். நாளைக்கு ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும்.

முப்பது தடவையாவது வைத்துப் பார்த்திருப்பேன். சில தடவை நிச்சயமாக நகர்ந்தது. சில தடவை நிச்சயமாக நகரவில்லை. மற்றவற்றை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. அவ்வளவு பக்கத்தில், இமைக்காமல் பார்த்தும் தெரியவில்லை. கண்ணில் நீர்தான் வந்தது.

அப்பா வந்துவிட்டார். "என்னடி, முதலை மாதிரி படுத்துக் கெடக்கே?"

"பந்து அசையுதான்னு பாக்கறேன்பா."

"அசையுதா?"

"தெரியல."

ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஆட வந்து நின்றார். அப்பா திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அந்த ஆள் யார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது, வெளியூர்க்காரர். அவர் மிகவும் மோசமாக அடித்தார். அடித்து முடிக்கும்வரை இருவரும் அசையவில்லை.

அப்போதுதான், நினியன், எனக்கு உறைத்தது. என் வகுப்பில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. பந்துக்கு மேல் நிற்கிறவனிடம் பேசக் கூடாது. நான் கடலைத் தாண்டிப் பேசினேன். நீ ஊன்றி நிற்கும் நேரத்தில், ஜெயித்தால் இது, தோற்றால் அது என்று உன் காதில் சொன்னேன். சொல்லிவிட்டு, பந்து அசைந்ததா என்று உன்னையே கேட்கிறேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்றும் யோசித்தேன். நானாக முடிவு செய்யப் பயந்தேன். நீ வருகிறாயா, நான் வரட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேனே தவிர, எனக்கு எது வேண்டும் என்று ஒரு தடவைகூட எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. இருவருமாக அதை ஒரு பந்தின் தலையில் வைத்தோம்.

ஆகவே அந்த அடி என்னுடையது. என் அட்டையில் எழுதிக்கொள்கிறேன். கேள்வியையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அசைந்ததோ இல்லையோ, அது இனி உன்னுடைய விஷயம்.

பள்ளி வாரியத்துக்கு இன்று காலை எழுதிவிட்டேன்: அடுத்த ஆண்டு இருக்கமாட்டேன். ஆகஸ்ட் 12ஆம் தேதி கிளாஸ்கோவிலிருந்து கப்பல். நீ ஜெயித்ததற்காக வரவில்லை. தோற்றதற்காகவும் இல்லை. கடியாரத்துக்காக நிச்சயமாக இல்லை. ஆப்பிள் மரத்தைப் பார்க்க வேண்டும். உன் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு எனக்கு எது வேண்டும் என்று தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. அதனால் எந்த வாக்கும் தரவில்லை. பாஸ்டனில் பள்ளிக்கூடங்கள் இருக்கும்தானே?

அப்பாவிடம் சொன்னேன். என் பெட்டிக்குப் புதுக் கயிறு வாங்கி வந்து வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எல்ஸ்பெத்


வில்லோ ஹில்
31 ஜூலை 1911
(கிளாஸ்கோவில் கப்பலேறுமுன் கிடைக்கும்படி)

என் எல்ஸ்பெத்,

வீட்டுக்கு இன்னும் சாவி வாங்கவில்லை. பெத்யூனின் வேலைக்கும் எழுதிப் போடவில்லை. இரண்டையும் அப்படியே வைத்திருக்கிறேன். டாட்டின் கிளப்புக்குப் பக்கத்தில் நம் நாட்டு அம்மாள் ஒருவர் வீட்டில் உனக்கு அறை சொல்லியிருக்கிறேன். சாப்பாடு மட்டும் சுமார், எல்லாவற்றிலும் பீன்ஸ் போடுவார்.

கடியாரத்தை டாட்டிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். "இதைப் போட்டுக்கிட்டா நானும் நேர்மையாயிடுவேனா?" என்று கேட்கிறான்.

எனக்கு எது வேண்டும் என்று எழுதச் சொல்லாமல் சொல்லியிருக்கிறாய். மூன்று தாள் எழுதினேன். அனுப்பவில்லை. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதி வழியில் நிற்கிறவள். இப்போது நான் ஏதாவது சொன்னால், நீ செய்ததையே நானும் செய்தவன் ஆவேன்.

கப்பல் வரும் நாளில் துறைமுகத்தில் இருப்பேன். இடது பக்கம், சுங்கக் கொட்டகைக்கு முன்னால். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருப்பேன், அடையாளம் தெரிவதற்காக மட்டும். நீ இறங்கி, என்னை நன்றாகப் பார்த்து முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கமாட்டேன்.

நினியன்